இருபது அட்டைகள், இரண்டு கேள்விகள்: தனிம வரிசை அட்டவணையைப் புரிந்து படிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

டியூஷனுக்கு வரும் பிள்ளைகளில் ஒருத்தி ஹைட்ரஜன், ஹீலியம், லித்தியம் என்று தொடங்கி கால்சியம் வரை இருபதையும் ஒரே மூச்சில் ஒப்பிப்பாள். அதில் ஒரு ராகம்கூட இருக்கும். ஒருநாள், "சோடியத்துக்கு நேர் மேலே எதும்மா இருக்கு?" என்று கேட்டேன். "நியான், சார்" என்றாள் உடனே. ஒப்பிக்கிற வரிசையில் நியானுக்கு அடுத்ததுதான் சோடியம். ஆனால் நான் கேட்டது முன்னால் இருப்பதை அல்ல, மேலே இருப்பதை. லித்தியம் என்ற பதில் அவளுக்கு வரவே இல்லை. இருபது பெயரும் தெரிந்த பிள்ளைக்கு அட்டவணை தெரியவில்லை.

அட்டவணையின் உயிர் அதன் செங்குத்தில் இருக்கிறது. எது எதற்கு அடுத்து என்பதைவிட எது எதன் கீழே, ஏன் அங்கே என்பதுதான் கேள்வி. அந்த "ஏன்" விளங்கிவிட்டால் அணு ஆரம், அயனியாக்கும் ஆற்றல், எலக்ட்ரான் கவர்தன்மை என்று பாடநூலில் தனித்தனியாக வரும் போக்குகள் எல்லாம் ஒரே கதையாகிவிடும். இந்த வழிகாட்டி பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கும், அவர்களுக்குச் சொல்லித்தரும் பெற்றோருக்கும், என்றோ படித்து மறந்தவர்களுக்கும். தமிழ்நாட்டில் தொகுதி (செங்குத்து நிரல்), வரிசை (கிடைவரிசை) என்பதை இலங்கை மாணவர்கள் கூட்டம், ஆவர்த்தனம் என்று படிப்பார்கள், விஷயம் ஒன்றுதான்.

வேண்டியவை: பென்சில், ஒரு தாள், கத்தரிக்கோல், பழைய கல்யாணப் பத்திரிகைகள் நாலைந்து. பத்திரிகை அட்டை கனமாக இருப்பதால் மேசையில் நகர்த்த வசதி.

படி 1: பதினேழு அட்டைகளை வெட்டுங்கள்

ஓர் அட்டைக்கு ஒரு தனிமம். பெயரையும் அணு எடையையும் எழுதுங்கள். அணு எண்ணை எழுதாதீர்கள். 19ஆம் நூற்றாண்டில் அப்படி ஒன்று இருப்பதே யாருக்கும் தெரியாது. ஹைட்ரஜன் 1, லித்தியம் 7, பெரிலியம் 9, போரான் 11, கார்பன் 12, நைட்ரஜன் 14, ஆக்சிஜன் 16, ஃபுளூரின் 19, சோடியம் 23, மக்னீசியம் 24, அலுமினியம் 27, சிலிக்கான் 28, பாஸ்பரஸ் 31, கந்தகம் 32, குளோரின் 35.5, பொட்டாசியம் 39, கால்சியம் 40. ஹீலியம், நியான், ஆர்கான் மூன்றையும் இப்போது சேர்க்கவேண்டாம். அவை பின்னால் வரும், வந்தது ஒரு பெரிய கதை.

ஒவ்வோர் அட்டையின் ஓரத்திலும் இணைதிறனை, அதாவது ஓர் அணு எத்தனை பிணைப்புகளை அமைக்கும் என்ற எண்ணைக் குறியுங்கள். லித்தியம் 1, பெரிலியம் 2, போரான் 3, கார்பன் 4, நைட்ரஜன் 3, ஆக்சிஜன் 2, ஃபுளூரின் 1. சோடியத்திலிருந்து குளோரின் வரையும் இதே 1, 2, 3, 4, 3, 2, 1 தான்.

படி 2: மூன்று மூன்றாகப் பொறுக்கிப் பாருங்கள்

1789இல் பிரெஞ்சு வேதியியலாளர் லவாய்சியே 33 எளிய பொருள்களைப் பட்டியலிட்டார். அதில் ஒளியும் வெப்பமும்கூடத் தனிமங்களாக இருந்தன. பட்டியல் இருந்தது, ஒழுங்கு இல்லை. ஒழுங்கின் முதல் வாசனையைப் பிடித்தவர் ஜெர்மானியரான டாபரீனர். 1829இல் அவர் வெளியிட்ட மும்மை விதியை உங்கள் அட்டைகளாலேயே சோதிக்கலாம். லித்தியம் 7, பொட்டாசியம் 39. கூட்டி இரண்டால் வகுத்தால் 23. அதுதான் சோடியம். குளோரின் 35.5, அயோடின் 127. சராசரி ஏறக்குறைய 81. புரோமினின் எடை 80. எடையில் மட்டுமல்ல, குணத்திலும் நடுவில் இருப்பது நடுவாகவே இருக்கும்: குளோரின் வாயு, புரோமின் திரவம், அயோடின் திண்மம்.

இதற்குமேல் அவரால் போக முடியவில்லை. அன்று அணு எடைகளிலேயே குழப்பம். தண்ணீரில் ஒரு ஹைட்ரஜனுக்கு ஓர் ஆக்சிஜன் என்று நினைத்தவர்கள் ஆக்சிஜனின் எடையை 8 என்றார்கள். வேறு சிலர் 16 என்றார்கள். எடையே சரியில்லாமல் எடை வரிசை எப்படி அமையும்? 1860 செப்டம்பரில் கார்ல்ஸ்ரூ நகரில் ஐரோப்பிய வேதியியலாளர்கள் கூடியபோதுதான் முடிச்சு அவிழ்ந்தது. இத்தாலியரான கனிசாரோ அவகாட்ரோவின் கருதுகோளை (ஒரே வெப்பநிலையிலும் அழுத்தத்திலும் சம பருமனுள்ள வாயுக்களில் மூலக்கூறுகளின் எண்ணிக்கையும் சமம்) எடுத்துவைத்து எடைகளைச் சீராக்கும் வழியைச் சொன்னார். கூட்டம் கலையும்போது அவருடைய சிறு நூல் கைகளில் தரப்பட்டது. அதைப் படித்தபோது கண்ணை மறைத்த செதில்கள் உதிர்ந்ததுபோல இருந்தது என்று ஜெர்மானிய வேதியியலாளர் லோதர் மேயர் பின்னாளில் எழுதினார். அங்கே இருந்த இன்னொருவர் 26 வயது ரஷ்யர் மெண்டலீவ். அட்டவணையின் கதையை அவர் தன் அட்டவணையை அமைத்த 1869இல் தொடங்குவது வழக்கம். கார்ல்ஸ்ரூவில் தொடங்குவதுதான் நியாயம் என்பது என் எண்ணம்.

படி 3: எடை வரிசையில் அடுக்கி, எட்டாவதில் மடியுங்கள்

ஹைட்ரஜனைத் தனியே வைத்துவிட்டு லித்தியம் முதல் ஃபுளூரின் வரை ஏழு அட்டைகளை இடமிருந்து வலமாக அடுக்குங்கள். எட்டாவது சோடியம், அதை லித்தியத்தின் கீழே வையுங்கள். அப்படியே குளோரின் வரை போய், பொட்டாசியத்தைச் சோடியத்தின் கீழே வையுங்கள். இப்போது மேலிருந்து கீழாக இணைதிறனைப் படியுங்கள். ஒவ்வொரு நிரலிலும் ஒரே எண்.

சரிகமபதநி பாடி முடித்து அடுத்து மேல் ச-வில் நிற்பதுபோலத்தான் இது. இங்கிலாந்தின் ஜான் நியூலாந்துக்கும் 1865இல் இசைதான் நினைவுக்கு வந்தது. எண்ம விதி என்று பெயரிட்டார். ஆனால் கால்சியத்தைத் தாண்டியதும் சுரம் பிசகியது. அவர் கட்டம் எதையும் காலியாக விடவில்லை. கையில் இருந்தவற்றையெல்லாம் அடைத்தாக வேண்டும் என்பதால் கோபால்ட்டும் நிக்கலும் ஒரே இடத்தில், அதுவும் ஃபுளூரின், குளோரினின் குடும்பத்தில் போய் விழுந்தன. இரும்பு ஆக்சிஜனோடு சேர்ந்தது. 1866இல் லண்டன் வேதியியல் கழகக் கூட்டத்தில் ஒருவர், அகர வரிசைப்படி அடுக்கிப் பார்த்தீர்களா என்று கேட்டார். 1887இல் அதே நியூலாந்துக்கு ராயல் சொசைட்டி டேவி பதக்கம் தந்தது.

படி 4: காலி இடம் விடுங்கள்

இந்தப் படியில் நேரம் செலவிடுங்கள். மெண்டலீவின் பெருமை முழுக்க இதில்தான் இருக்கிறது.

செயின்ட் பீட்டர்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த அவர் மாணவர்களுக்கு ஒரு பாடநூல் எழுதிக்கொண்டிருந்தார். தனிமங்களை எந்த வரிசையில் சொல்லித்தருவது என்பதுதான் அவருடைய சிக்கல். 1869 மார்ச் 1 அன்று, பழைய ரஷ்ய நாட்காட்டியில் பிப்ரவரி 17, பாலாடைக்கட்டிப் பண்ணைகளைப் பார்வையிடப் போகவேண்டியவர் அது தொடர்பாக வந்த கடிதத்தின் பின்பக்கத்திலேயே தனிமங்களின் எடைகளை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி ஒப்பிடத் தொடங்கினார். அட்டவணை கனவில் வந்தது என்ற கதையைப் பிள்ளைகளிடம் சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. அவருடைய கையெழுத்துப் படியில் அத்தனை அடித்தல் திருத்தல்கள்.

அன்று தெரிந்த தனிமங்கள் 63. அவற்றை அடுக்கும்போது அவர் மூன்று துணிச்சல்களைச் செய்தார்.

ஒன்று, எடை குணத்தோடு மோதினால் குணத்தின் பக்கம் நின்றார். டெல்லூரியத்தின் எடை 127.6, அயோடின் 126.9. எடைப்படி அயோடின்தான் முதலில். ஆனால் அயோடின் குளோரினின் உறவு என்பது கண்ணெதிரே தெரிகிறது. ஆகவே டெல்லூரியத்தை முன்னால் வைத்தார்.

இரண்டு, பொருந்தாத எடைகளையே தவறு என்றார். பெரிலியத்தின் இணைதிறன் 3 என்று நினைத்துப் பலர் அதன் எடையை 13.5 என்றார்கள். உங்கள் மேசையைப் பாருங்கள்: கார்பன் 12க்கும் நைட்ரஜன் 14க்கும் நடுவே இடமிருக்கிறதா? இல்லை. இணைதிறன் 2 என்று கொண்டால் எடை 9. லித்தியத்துக்கும் போரானுக்கும் நடுவே கச்சிதமாக உட்கார்கிறது. அவர் சொன்னதே சரியானது.

மூன்றாவதுதான் காலிக் கட்டம். அதை நீங்களே செய்து பாருங்கள். ஒரு வெற்று அட்டையை எடுங்கள். அதன் மேலே சிலிக்கான் 28. கீழே டின் 118. இடப்பக்கம் அன்று தெரிந்திருந்த அண்டைத் தனிமம் துத்தநாகம் 65, வலப்பக்கம் ஆர்சனிக் 75. நான்கையும் கூட்டினால் 286. நாலால் வகுத்தால் 71.5. மெண்டலீவ் 1871இல் எழுதியது 72. அடர்த்தி 5.5 இருக்கும், குளோரைடு 100 டிகிரிக்குச் சற்றுக் கீழே கொதிக்கும் என்றும் எழுதினார். சிலிக்கானிலிருந்து ஓர் இடம் தள்ளி இருப்பதால் பெயர் எகா சிலிக்கான். அந்த "எகா" சமஸ்கிருதத்தின் "ஏக". ஏகாதசியிலும் ஏகாம்பரத்திலும் நாம் தினம் சொல்கிற அதே ஒன்று.

1886இல் ஃப்ரைபெர்க் நகரில் விங்க்லர் ஒரு புதிய கனிமத்திலிருந்து ஜெர்மேனியத்தைப் பிரித்தார். அணு எடை 72க்கு மிக அருகே, அடர்த்தி 5.35. குளோரைடு 86 டிகிரியில் கொதித்தது.

அதற்கு முன்பே 1875இல் எகா அலுமினியம் காலியமாக வந்துவிட்டது. பிரான்ஸின் லெகாக் த புவாபோத்ரான் அதன் அடர்த்தியை 4.7 என்று அளந்திருந்தார். அந்த உலோகத்தைக் கண்ணால்கூடப் பார்க்காத மெண்டலீவ், 5.9க்குக் குறையாது, மாதிரியைச் சுத்தம் செய்து மறுபடி அளந்து பாருங்கள் என்று எழுதினார். அளந்தார்கள்: 5.9. இந்த இடத்தை எத்தனை வகுப்பில் சொன்னாலும் எனக்கு மெய்சிலிர்க்கும். எகா போரான் 1879இல் ஸ்காண்டியமாக வந்து சேர்ந்தது.

லோதர் மேயரையும் விட்டுவிடக்கூடாது. அணுப் பருமனை எடைக்கு எதிராக வரைபடமாக்கி, மலைமுகடு போல ஏறி இறங்கும் கோட்டை 1870இல் காட்டியவர் அவர். முகடுகளில் எப்போதும் லித்தியம், சோடியம், பொட்டாசியம் போன்ற கார உலோகங்கள். 1882இல் டேவி பதக்கம் இருவருக்கும் சேர்த்தே கொடுக்கப்பட்டது. பின்னால் நாம் பார்க்கப்போகும் போக்குகளின் முதல் வரைபடம் அதுதான்.

படி 5: விட்டுவைத்த மூன்று அட்டைகளைச் சேருங்கள்

1890களில் ராலே பிரபு நைட்ரஜனின் அடர்த்தியை அளந்துகொண்டிருந்தார். காற்றிலிருந்து எடுத்த நைட்ரஜன் லிட்டருக்கு 1.2572 கிராம், சேர்மங்களிலிருந்து எடுத்தது 1.2505 கிராம். அரை சதவீத வித்தியாசம். பிழை என்று ஒதுக்கியிருக்கலாம். ஒதுக்காமல் வேதியியலாளர் ராம்சேயோடு சேர்ந்து தோண்டியதில் 1894இல் ஆர்கான் கிடைத்தது. மறுவருடம் ராம்சே பூமியில் ஹீலியத்தைப் பிடித்தார். அதன் தடயம் சூரியனில் முன்பே தெரிந்திருந்தது: 1868 ஆகஸ்ட் 18 முழுச் சூரிய கிரகணத்தை பிரெஞ்சு வானியலாளர் ஜான்சென் நிறமாலைமானியோடு (ஒளியை நிறங்களாகப் பிரித்துக் காட்டும் கருவி) பார்த்தது அன்றைய சென்னை மாகாணத்தின் குண்டூரில். சூரியப் பிழம்புகளின் நிறமாலையிலிருந்த மஞ்சள் கோடு சோடியத்துடையது அல்ல என்று உணர்ந்து ஹீலியம் என்று பெயர் வைத்தவர் ஆங்கிலேய வானியலாளர் லாக்கியர். நியான், கிரிப்டான், செனான் மூன்றும் 1898இல் திரவக் காற்றிலிருந்து வந்தன.

யாரோடும் சேராத ஒரு வாயுவை எங்கே வைப்பது? மெண்டலீவே முதலில் தயங்கினார். ஆர்கான் மூன்று நைட்ரஜன் அணுக்கள் சேர்ந்ததாக இருக்கலாம் என்று நினைத்தார். கடைசியில் முழுதாக ஒரு நிரலே சேர்க்கப்பட்டது, அட்டவணை உடையவில்லை. உங்கள் மேசையிலும் ஃபுளூரினுக்கு வலப்பக்கம் நியான், குளோரினுக்கு வலப்பக்கம் ஆர்கான், நியானுக்கு மேலே ஹீலியம் வையுங்கள். இப்போது ஆர்கானின் எடையைப் பாருங்கள்: 39.9. அடுத்த பொட்டாசியம் 39.1. மறுபடியும் எடை வரிசை தலைகீழ்.

படி 6: எடையை அழித்துவிட்டு அணு எண்ணை எழுதுங்கள்

அந்த முரண்பாட்டைத் தீர்த்தவர் ஆங்கிலேய இயற்பியலாளர் ஹென்றி மோஸ்லி. 1913, 1914இல் தனிமம் தனிமமாக எக்ஸ் கதிர்களை உமிழச் செய்து அதிர்வெண்ணை அளந்தார். அதிர்வெண்ணின் வர்க்கமூலம் ஒவ்வொரு தனிமத்துக்கும் ஒரே அளவு படி ஏறியது. எடை இப்படி ஏறுவதில்லை. 1, 4, 7, 9, 11 என்று தாறுமாறாகப் போகும். சீராக ஏறுவது அணுக்கருவின் நேர்மின்சுமை, அதாவது புரோட்டான்களின் எண்ணிக்கை. கோபால்ட் 27, நிக்கல் 28. டெல்லூரியம் 52, அயோடின் 53. மெண்டலீவ் குணத்தை நம்பி மாற்றி வைத்தது சரி என்றாயிற்று.

ஆர்கான் ஏன் கனமானது? நம் காற்றிலிருக்கும் ஆர்கானில் 99 சதவீதத்துக்கு மேல் 40 நிறை கொண்ட ஐசோடோப்பு (ஒரே தனிமத்தின் வேறு நிறையுள்ள அணுவகை). பாறைகளிலுள்ள பொட்டாசியம் 40 கதிரியக்கத்தால் சிதைந்து உண்டானது அது. எடை என்பது ஐசோடோப்புக் கலவையின் சராசரி; அடையாளம் அணு எண்.

மோஸ்லியின் கோட்டில் 43, 61, 72, 75 ஆகிய இடங்கள் காலியாக இருந்தன. நான்கும் பின்னால் நிரம்பின. அவர் 1915 ஆகஸ்டில் கலிப்போலிப் போர்முனையில் இறந்தபோது வயது 27.

அட்டைகளில் இப்போது 1 முதல் 20 வரை எண்ணிடுங்கள். நவீன விதியும் இதுதான்: தனிமங்களின் பண்புகள் அணு எண்ணைச் சார்ந்து திரும்பத் திரும்ப வருகின்றன. ஏன் திரும்ப வருகின்றன என்றால், கருவைச் சுற்றிக் கூடு கூடாக அமைந்திருக்கும் எலக்ட்ரான்களில் வெளிக்கூட்டில் இருப்பவற்றின் எண்ணிக்கை திரும்ப வருகிறது. கூட்டுக்குள் எலக்ட்ரான்கள் இருக்கும் அறைகள்தான் ஆர்பிட்டால்கள்: ஒரு கூட்டின் எஸ் வகை அறையில் 2 எலக்ட்ரான்களுக்கு இடம், பி வகை அறைகளில் மொத்தம் 6, டி-யில் 10, எஃப்-இல் 14. ஏழு வரிசைகளின் நீளம் 2, 8, 8, 18, 18, 32, 32. கூட்டினால் 118. நியூலாந்தின் சுரம் கால்சியத்துக்குப் பிறகு பிசகியதற்குக் காரணம் இங்கே இருக்கிறது: அங்கிருந்து பத்து டி எலக்ட்ரான்கள் நடுவே நுழைகின்றன.

படி 7: இரண்டே கேள்விகள்

இனி எந்தப் போக்கு வந்தாலும் கேட்கவேண்டியவை இரண்டுதான். வெளி எலக்ட்ரான் கருவிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது? அதன்மேல் கருவின் இழுப்பு உண்மையில் எவ்வளவு விழுகிறது?

இரண்டாவது கேள்விக்குத் தேர்த்திருவிழாவை நினைத்துக்கொள்ளுங்கள். தேரில் சாமி. உங்களுக்கு முன்னால் வரிசை வரிசையாகத் தலைகள். முன்வரிசைத் தலைகள்தான் சாமியை மறைக்கும். உங்கள் பக்கத்தில் தோளோடு தோள் நிற்பவர் அவ்வளவாக மறைக்கமாட்டார். அணுவிலும் உள்கூட்டு எலக்ட்ரான்கள் நன்றாக மறைக்கும், ஒரே கூட்டில் இருப்பவை கொஞ்சமாக மறைக்கும். இதுதான் திரைமறைப்பு விளைவு. மறைப்பு போக மிஞ்சுவது செயலுறு அணுக்கரு மின்சுமை.

அமெரிக்க இயற்பியலாளர் ஸ்லேட்டர் இதற்கு எளிய எண்கள் தந்தார். எஸ், பி எலக்ட்ரான்களுக்கு: அதே கூட்டிலுள்ள ஒவ்வொன்றும் 0.35 மறைக்கும், நேர் உள்கூட்டிலுள்ள ஒவ்வொன்றும் 0.85, அதற்கும் உள்ளே இருப்பவை முழுசாக 1. கணக்கிடுங்கள்.

லித்தியம்: 3 − (2 × 0.85) = 1.30.
ஃபுளூரின்: 9 − (2 × 0.85 + 6 × 0.35) = 5.20.
சோடியம்: 11 − (2 × 1 + 8 × 0.85) = 2.20.

இடமிருந்து வலமாகப் போகும்போது ஒவ்வோர் அடியிலும் புரோட்டான் 1 கூடுகிறது, மறைப்பு 0.35 மட்டுமே கூடுகிறது. ஆகவே இழுப்பு 0.65 ஏறுகிறது, கூடு மாறவில்லை. கீழே இறங்கும்போது ஒரு கூடு புதிதாகச் சேர்கிறது; தூரம் ஜெயிக்கிறது. மீதி எல்லாம் இதிலிருந்து வருவதுதான்.

படி 8: அளவு

லித்தியத்தின் ஆரம் 152 பிக்கோமீட்டர், ஃபுளூரின் 64. எலக்ட்ரான் சேரச் சேர அணு சுருங்குகிறது என்பது பிள்ளைகளுக்கு முதலில் நம்பமுடியாததாக இருக்கும், 1.30, 5.20 என்ற இரண்டு எண்களைக் காட்டினால் நம்புவார்கள். கீழே இறங்கினால் லித்தியம் 152, சோடியம் 186. சீசியம் 260ஐத் தாண்டிவிடும்.

அயனிகளுக்கும், அதாவது எலக்ட்ரானை இழந்த அல்லது பெற்ற அணுக்களுக்கும், அதே கேள்விகள். ஆக்சைடு, ஃபுளூரைடு, சோடியம், மக்னீசியம், அலுமினியம் அயனிகள் ஐந்திலும் எலக்ட்ரான்கள் பத்துதான். புரோட்டான்கள் 8, 9, 11, 12, 13. அதே பத்துப் பேரை அதிகக் கைகள் இழுத்தால்? 140, 133, 102, 72, 54 பிக்கோமீட்டர் என்று சுருங்கிக்கொண்டே போகும்.

படி 9: அயனியாக்கும் ஆற்றல், நடுவே வரும் இரண்டு சறுக்கல்கள்

ஆய்வகத்தில் சோடியம் வெட்டுவதைப் பார்த்திருக்கிறீர்களா? மண்ணெண்ணெய்க்குள் இருக்கும் சாம்பல் நிறக் கட்டியை இடுக்கியால் எடுத்து, வடிதாளில் ஒற்றி, கத்தியை வைத்து அழுத்தினால் வெண்ணெய்க்கட்டி மாதிரி இறங்கும். வெட்டுமுகம் வெள்ளி போல மின்னும். பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஓரத்திலிருந்து மங்கும். பயறளவு துண்டைத் தண்ணீரில் போட்டால் உருகி உருண்டையாகி, சீறிக்கொண்டு பரப்பின்மேல் ஓடும். லித்தியம் இத்தனை ஆர்ப்பாட்டம் செய்யாது, நிதானமாகக் குமிழிவிடும். பொட்டாசியம் இளஊதாச் சுடரோடு தானே பற்றிக்கொள்ளும். (ஆசிரியர் இல்லாமல் இதைச் செய்யக்கூடாது. இந்த உலோகங்களை வெறுங்கையால் தொடவே கூடாது.)

வெளி எலக்ட்ரானைப் பிடுங்க ஆகும் செலவுதான் அயனியாக்கும் ஆற்றல்: ஒரு மோலுக்கு லித்தியம் 520, சோடியம் 496, பொட்டாசியம் 419 கிலோஜூல். கீழே போகப்போகத் தூரம் கூடுகிறது, செலவு குறைகிறது.

வலப்பக்கம் போனால் ஏறவேண்டும். இரண்டாம் வரிசையைத் தாளில் வரையுங்கள்: 520, 899, 801, 1086, 1402, 1314, 1681, 2081. ஏறுகிறது, ஆனால் இரண்டு இடத்தில் கால் சறுக்குகிறது. தேர்வில் கேட்பது எப்போதும் இந்த இரண்டைத்தான்.

பெரிலியத்திலிருந்து போரான்: பெரிலியத்தில் போவது எஸ் எலக்ட்ரான், போரானில் பி எலக்ட்ரான். பி-யின் ஆற்றல் நிலை சற்று உயரே, கருவை அவ்வளவு நெருங்குவதுமில்லை, எஸ் இரண்டும் அதைக் கொஞ்சம் மறைக்கின்றன. எளிதாகப் போய்விடும். நைட்ரஜனிலிருந்து ஆக்சிஜன்: நைட்ரஜனின் மூன்று பி ஆர்பிட்டாலிலும் ஆளுக்கு ஒன்று. ஆக்சிஜனின் நாலாவது எலக்ட்ரான் ஏற்கெனவே ஒருவர் இருக்கும் அறையில் இன்னொருவராகப் போகவேண்டும்; விலக்கம் கூடுகிறது, ஒன்று சுலபமாக வெளியேறுகிறது.

இனி கீழ் வரிசையைப் பாருங்கள்: மக்னீசியம் 738, அலுமினியம் 578. பாஸ்பரஸ் 1012, கந்தகம் 1000. அதே இடங்களில் அதே சறுக்கல். விதிவிலக்கே ஆவர்த்தனமாகத் திரும்புகிறது என்றால் அதை விதிவிலக்கு என்று சொல்வதுகூடத் தப்பு.

அடுத்தடுத்த எலக்ட்ரான்களைப் பிடுங்கினால் இணைதிறனே கண்ணுக்குத் தெரியும். சோடியம் 496, பிறகு 4562. மக்னீசியம் 738, 1451, பிறகு 7733. அலுமினியம் 578, 1817, 2745, பிறகு 11577. எண் எங்கே துள்ளுகிறதோ அங்கே உள்கூடு தொடங்குகிறது. படி 1இல் அட்டை ஓரத்தில் எழுதிய 1, 2, 3 இதுதான்.

படி 10: நாட்டம், கவர்தன்மை

எலக்ட்ரான் நாட்டம் என்பது அணு ஓர் எலக்ட்ரானைச் சேர்த்துக்கொள்ளும்போது வெளிவிடும் ஆற்றல். அதில் குறியைக் கவனியுங்கள். சில நூல்கள் வெளிவிடும் ஆற்றலை எதிர்க்குறியோடு தரும். குளோரின் 349, ஃபுளூரின் 328 கிலோஜூல். ஃபுளூரின் மிகச் சிறியது, புதிதாக வருபவருக்கு அங்கே நெரிசல். அதனால்தான் முதலிடம் குளோரினுக்கு.

கவர்தன்மை என்பது பிணைப்பில் இருக்கும் எலக்ட்ரான்களைத் தன் பக்கம் இழுக்கும் திறன். பாலிங் 1932இல் தந்த அளவுகோலின் இன்றைய மதிப்புகளில் ஃபுளூரின் 3.98, ஆக்சிஜன் 3.44, குளோரின் 3.16, சோடியம் 0.93, சீசியம் 0.79. இங்கே ஃபுளூரின்தான் அரசன். நாட்டமும் கவர்தன்மையும் ஒன்று என்று குழப்பிக்கொள்பவர்கள் இந்த இரண்டு மதிப்பெண்ணை இழப்பார்கள். மூன்றாம் வரிசையின் ஆக்சைடுகளை வரிசையாகப் பார்த்தாலும் இதே போக்கு: சோடியம், மக்னீசியம் ஆக்சைடுகள் காரம், அலுமினியம் ஆக்சைடு ஈரியல்பு (அமிலம், காரம் இரண்டு குணமும்), சிலிக்கானிலிருந்து குளோரின் வரை அமிலத்தன்மை.

படி 11: கோடு வளையும் இடங்கள்

அலுமினியத்தின் கீழே இருக்கும் காலியம் பெரிதாக இருக்கவேண்டும். இல்லை. நடுவே வந்த பத்து டி எலக்ட்ரான்கள் கருவைச் சரியாக மறைக்காததால் இழுப்பு கூடிவிட்டது. அயனியாக்கும் ஆற்றல் 578க்கு 579.

இதைவிட அழகானது லாந்தனைடுகளில் (57 முதல் 71 வரையுள்ள தனிமங்கள்) வரும் லாந்தனைடு குறுக்கம். பதினான்கு எஃப் எலக்ட்ரான்கள் இன்னும் மோசமாக மறைப்பவை. அவற்றைத் தாண்டி வரும் ஹாஃப்னியத்தின் ஆரம் 159, அதற்கு மேலுள்ள சிர்க்கோனியம் 160. ஒரு கூடு அதிகமிருந்தும் அளவு ஒன்றே, குணமும் ஏறக்குறைய ஒன்றே. அதனால்தான் மோஸ்லி காலி என்று காட்டிய 72ஆம் தனிமம் சிர்க்கோனியக் கனிமத்துக்குள்ளேயே ஒளிந்திருந்தது. 1923இல் கோபன்ஹேகனில் காஸ்டரும் ஹெவெஸியும் எக்ஸ் கதிர் நிறமாலையால்தான் அதைப் பிடித்தார்கள்.

படி 12: உங்கள் முறை

தாளை மூடிவிட்டு மூன்றைச் செய்யுங்கள். மக்னீசியம், அலுமினியம், கால்சியத்தை அளவில் இறங்குவரிசையில் வையுங்கள். சல்பைடு, குளோரைடு, பொட்டாசியம், கால்சியம் அயனிகளை அடுக்குங்கள். நான்கிலும் எலக்ட்ரான் 18. பாஸ்பரஸ், கந்தகம் இரண்டில் எதிலிருந்து எலக்ட்ரானைப் பிடுங்குவது கடினம்? விடைகள்: கால்சியம், மக்னீசியம், அலுமினியம், அயனிகள் நான் எழுதிய வரிசையிலேயே சிறுத்துக்கொண்டு போகும், பாஸ்பரஸ். விடை சரியாக இருந்தால் மட்டும் போதாது, இரண்டு கேள்விகளில் எது பதில் சொன்னது என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள்.

கடைசியாக ஒன்று. 113, 115, 117, 118 சேர்ந்து ஏழாம் வரிசை நிரம்பியது 2016இல் பெயர் சூட்டப்பட்டபோது. 119 உருவானால் எட்டாம் வரிசையின் முதல் கட்டம் அதற்கு, ஃபிரான்சியத்தின் நேர் கீழே. முதல் தொகுதியில் கீழே இறங்கினால் அயனியாக்கும் ஆற்றல் குறையவேண்டும் என்று படித்தோம். சீசியம் 376. ஆனால் ஃபிரான்சியம் 393, குறையாமல் ஏறியிருக்கிறது. கருவின் மின்சுமை அவ்வளவு பெரிதானதும் எஸ் எலக்ட்ரான்களின் வேகம் ஒளியின் வேகத்தை நெருங்கத் தொடங்குகிறது. சார்பியல் விளைவால் ஆர்பிட்டால் உள்ளே சுருங்குகிறது. ஒரு வெற்று அட்டையை வெட்டி, ஃபிரான்சியத்துக்குக் கீழே வைத்து, 119இன் அயனியாக்கும் ஆற்றல் 393க்கு மேலா கீழா என்று பின்பக்கத்தில் பென்சிலால் எழுதுங்கள்.